கழுத்தில் போய் உட்கார்ந்த அயோடின்

எலியின் வலது தொடையில் கட்டி. அதை அங்கே வளர்த்தவளே நான்தான். தினமும் காலையில் விரலால் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் கட்டி இருந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்கேன் காகிதத்தில் கழுத்துதான் கறுத்துக் கிடந்தது. தொடை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று புள்ளி, அவ்வளவுதான்.

"டீச்சர், கழுத்து நல்லா வந்திருக்கு" என்றார் ஸ்கேன் ஆபரேட்டர்.

அவர் கேலி பண்ணவில்லை. இருபது வருஷமாகத் தைராய்டு நோயாளிகளின் கழுத்தையே படம் எடுத்துப் பழகியவர். கழுத்து தெளிவாக வந்தால் அவருக்கு அது நல்ல படம். நான் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் நான்கு வருஷம் பம்பாயில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்தபோது அங்கே பாதியில் விட்ட வேலையைக் கூடவே கொண்டுவந்துவிட்டேன். கல்லூரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும், ஒரு பழைய ஃபிரிட்ஜும், நாலு கூண்டு எலியும், மூன்று முயலும் கொடுத்தார்கள். கதிர்வீசும் பொருளைக் கையாளுவதற்கான உரிமமும் படம் எடுக்கும் இயந்திரமும் ஊரில் தைராய்டு கிளினிக் நடத்திய ஒரு டாக்டரிடம் இருந்தன. அவர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வராத நேரத்தில் இயந்திரத்தை என் எலிகளுக்கு விட்டுக்கொடுத்தார்.

என்ன செய்கிறேன் என்று யார் கேட்டாலும் நான் பட்ட பாடு தனி. "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கியளா?" என்று கேட்பார்கள். மருந்து இல்லை, கட்டி உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டுவதற்கு ஒரு புரதம் செய்கிறேன் என்பேன். "காட்டுனாப் போதுமா? அதைக் கரைக்க வேண்டாமா?" என்பார்கள். கல்லூரி முதல்வரே இரண்டு தடவை இதைக் கேட்டார். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதைக் கரைப்பது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

விஷயம் சொல்லும்போது எளிதுதான். எலிக்கு வரும் ஒரு வகைக் கட்டியின் செல்களை முயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டால், முயலின் ரத்தத்தில் அந்தச் செல்களைப் பிடித்துக்கொள்ளும் புரதம் உண்டாகும். அதுதான் ஆன்டிபாடி. பார்ப்பதற்குப் பையன்கள் கல் அடிக்கும் கவட்டை மாதிரி இருக்கும். மேலே இரண்டு கை, கீழே ஒரு பிடி. கைகளின் நுனிதான் கட்டியைப் பிடிக்கும். அந்தப் புரதத்தின் மேல் கதிர்வீசும் அயோடினை ஒட்டி எலிக்குப் போட்டால், அது கட்டியைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இயந்திரம் வெளியிலிருந்து கதிரை எண்ணிக் காகிதத்தில் புள்ளி குத்தும். புள்ளி நெருங்கிய இடம் கட்டி.

செய்யும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. கவட்டையின் பிடியைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முழுப் புரதத்தைப் போட்டால் வயிறு முழுக்கக் கறுப்பு. பெப்சின் என்ற செரிமானப் பொருளை வைத்துப் பிடியை வெட்டி எடுத்தேன். இரண்டு கைகள் மட்டும் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு மிஞ்சியது. அது ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் கழிந்து போகும், படம் தெளிவாகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அயோடினுக்கு என் கணக்கு தெரியாது. அது கைகளின் நுனியிலேயே போய் ஒட்டியது. நுனி மூடிப்போனால் கட்டியை எதை வைத்துப் பிடிப்பது? போதாததற்குச் சரியாக ஒட்டாத அயோடின் உடம்புக்குள் போனதும் கழன்று, நேராகக் கழுத்தில் இருக்கும் தைராய்டுக்குப் போய்விட்டது. அயோடின் எங்கே கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருக்கும் சுரப்பி அது. அப்படி வந்ததுதான் அந்த "நல்லா வந்திருக்கு" படம்.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனபோது ஆபரேட்டர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி இருமல் மருந்து குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். அந்த மருந்தில் அயோடின் உண்டு. "வெறும் வெள்ளைப் பேப்பரா வருது. முந்தியே வேண்டாம்னு சொன்னேம்லா? கழுத்து ஏற்கெனவே ரொம்பிக் கெடந்தா நம்ம அயோடினை எங்கன வாங்கும்? ஒரு நாள் வேலை போச்சு" என்று என்னிடமும் புலம்பினார். நான் அங்கேயே நெற்றியில் அடித்துக்கொண்டேன். எலிகள் குடிக்கும் தண்ணீரில் சாதா அயோடின் நாலு சொட்டு விட்டிருந்தால் கழுத்து ரொம்பியிருக்கும், கழன்று வந்தது அங்கே தங்கியிருக்காது. இது புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறேன்!

நுனியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு நாள் மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது தோன்றியது: கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்போது அயோடினைப் போட்டால்? பிடித்திருக்கும் கையின் நுனியில் அது உட்கார முடியாதே. கட்டிச் செல்லின் புரதத்தை ரவை மாதிரி இருக்கும் பொடி மணிகளில் ஏற்றி, என் துண்டுகளை முதலில் அந்த மணிகளைப் பிடிக்கவிட்டு, அப்புறம் அயோடின் ஊற்றி, ஒட்டாததைக் கழுவித் தள்ளிவிட்டு, கடைசியில் லேசான அமிலத்தில் கைகளை விடுவிக்கலாம். நுனியும் பிழைக்கும், கழுவுவதும் அதிலேயே நடந்துவிடும். விடைத்தாள் கட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். என் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "என்ன, எவனாவது நூத்துக்கு நூறு வாங்கிட்டானா?" என்று கேட்டார்.

இதைச் செய்து பார்க்கப் புது அயோடின் வேண்டும். டாக்டர் பக்குவமாகச் சொன்னார்: "நோயாளிகளுக்கு வர்றதுல கை வைக்க வேண்டாம்மா. என் உரிமத்துலயே உங்களுக்குத் தனியா எழுதிப் போடுதேன்." எழுதிப் போட்டார். நோயாளிகளுக்கான அயோடின் பம்பாயிலிருந்து விமானத்தில் வரும். எனக்கானது மதுரை வரை ரயில், அங்கிருந்து லாரிப் பார்சல்.

அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகக் குறையும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. பூட்டி வைத்தாலும் குறையும், பனிக்கட்டியில் வைத்தாலும் குறையும். இந்தப் பக்கம் எலிகளின் தொடையில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ரொம்ப வளர்ந்தால் எலி செத்துப்போகும். அயோடின் பம்பாயை விட்டுக் கிளம்பிய தந்தி வந்ததும் ஆறு எலிகளைத் தயார் செய்தேன். எல்லாம் சரியாக வந்தால் எனக்கு ஒரு வாரம் உண்டு.

செவ்வாய்க்கிழமை பார்சல் சர்வீஸுக்குப் போன் செய்தேன். "வரல மேடம்." புதன்கிழமையும் செய்தேன். "வந்தா நாங்களே கூப்பிட மாட்டமா?" வியாழக்கிழமை ஓர் எலி செத்துக் கிடந்தது. வகுப்பை வேறு ஒருவரிடம் தள்ளிவிட்டு நேரில் போனேன்.

கவுண்டரில் இருந்த கிளார்க் நோட்டைப் புரட்டினார். அப்புறம் இன்னொரு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"அட, வந்திருக்கே! செவ்வாக்கெழமையே வந்திருக்கு மேடம்."

"ரெண்டு நாளா வரலைன்னு சொன்னது நீங்கதானே?"

"அது சாதா நோட்டுல பாத்துச் சொன்னது. இது தனி நோட்டுல்லா."

"சரி, எடுத்துத் தாங்க."

"பின்னால குடோன்ல வச்சுப் பூட்டியிருக்கு. சாவி மேனேஜர்ட்ட இருக்கு."

"மேனேஜர் எங்க?"

"குலசைக்குப் போயிருக்காவ. காளி கட்டியிருக்காவ."

முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஊரே வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கும் குலசேகரன்பட்டினத்துத் தசராவை நான் மறந்தே போயிருந்தேன். அடுத்த நாள் ஆயுத பூஜை. மாற்றுச் சாவி மேனேஜர் வீட்டில் இருந்ததாம். வீட்டில் எல்லோருமே குலசையில். பூட்டை உடைக்கலாமே என்றேன். அதற்கு மதுரைத் தலைமை அலுவலகத்தின் கடிதம் வேண்டும், அதுவும் திங்கட்கிழமைதான் கிடைக்கும். மேனேஜரும் சூரசம்ஹாரம் முடிந்து விரதக் காப்பை அறுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்துவிடுவார். "நாலே நாள்தான் மேடம். பெட்டிக்கு ஒண்ணும் ஆவாது. பத்திரமாத்தான் இருக்கு" என்றார் கிளார்க். பத்திரமாக இருந்தாலும் குறைந்துகொண்டே போகும் பொருள் அது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். அவர் சந்தோஷமாகிவிட்டார்.

"அப்பம் நாளைக்குக் குலசைக்குப் போவோம். நானும் தசரா பாத்து வருஷமாச்சு."

"நான் ஒண்ணும் சாமி கும்பிடப் போகல."

"நான் சாமிக்கு வாரேன். நீ சாவிக்கு வா."

விடிந்ததும் பஸ் ஏறினோம். பக்கத்து இருக்கையில் ஒருவர் கரடித் தலையை மடியில் வைத்துக்கொண்டு உடம்பெல்லாம் சணல் மயிரோடு தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை வாய்க்கால் ஓர வயல்களையே பார்த்துக்கொண்டு, அந்த மேனேஜரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆபத்தான சரக்கு வந்தால் உரியவருக்குத் தகவல் சொல்ல வேண்டாமா? அலுவலகச் சாவியை ஊருக்குக் கொண்டுபோகலாமா? திருச்செந்தூர் வருவதற்குள் என் பேச்சு ரொம்பக் கூர்மையாகிவிட்டது.

குலசையில் இறங்கிய பிறகுதான் நிலைமை புரிந்தது. கிளார்க் எனக்குச் சொல்லியனுப்பிய அடையாளம் இவ்வளவுதான்: காளி வேஷம், மஞ்சள் பேனர் வைத்த தசரா செட்டு, அதாவது வேஷக்காரர் குழு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காளி. கறுப்புக் காளி, நீலக் காளி, நாக்கு தொங்கும் காளி, பீடி பிடிக்கப் போகும் தம்பியைத் திட்டும் காளி. பேனர் எல்லாமே மஞ்சள்.

கூட்ட நெரிசலில் ஒரு போலீஸ்காரரைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஓடிப்போய், "சார், ஒரு ஆளைத் தேடணும், மைக்ல சொல்லச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவர் மிடுக்காக நின்று என்னைப் பார்த்தார். அப்புறம் இடது கையில் இருந்த தட்டை நீட்டினார். "முத்தாரம்மனுக்குக் காணிக்கை போடுங்கம்மா." அதுவும் வேஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததையும் நான் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒருவர் வந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு செட்டாகப் போய், "பார்சல் சர்வீஸ் மேனேஜர் இருக்காரா?" என்று என் கணவர்தான் கேட்டார். அவருக்குச் சலிப்பே வராது. நடுப்பகல் தாண்டிய பிறகு, கடலுக்குப் போகும் வழியில் ஓர் உடைமரத்தடியில், மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில், "அன்னா அந்த அம்மாதான்" என்று கை காட்டினார்கள்.

காளி ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கிரீடமும் சடையும் தலையில் இருந்தன. முதுகோடு சேர்த்து எட்டு மரக் கைகளைக் கட்டியிருந்தார்கள். முகமெல்லாம் கறுப்பு மை, வியர்வையில் அங்கங்கே கோடு. அவர் முன்னால் பத்துப் பதினைந்து பேர் குங்குமம் வாங்க வரிசையில் நின்றார்கள். நான் நேராகப் போனேன். ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். "எல்லாரும் நிக்கோம்லா?"

நின்றேன். என் முறை வந்தது. இரண்டு மணி நேரம் தீட்டி வைத்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து 'சார்' என்று கூப்பிட முடியவில்லை. 'அம்மா' என்று கூப்பிட மனசு வரவில்லை.

"குடோன் சாவி வேணும்" என்றேன்.

காளி என்னை உற்றுப் பார்த்தார். நெற்றியில் குங்குமம் வைக்க எடுத்த கை அப்படியே நின்றது. "அந்த மூணு எறக்கை படம் போட்ட பெட்டி உங்களுதா?" என்றார், பார்சல் ஆபீஸ் குரலில். கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியைத்தான் மூன்று இறக்கை என்கிறார்.

"ஆமா. காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துறேன்."

"நீங்க கெமிஸ்ட்ரி டீச்சரா? ஆஸ்பத்திரிக்காரங்கன்னுல்லா நெனச்சேன். இங்கன வாங்க, இப்படி நிழலுக்கு வாங்க." வரிசையில் நின்றவர்களிடம், "ஒரு நிமிஷம் இருங்க தாயி" என்றார். என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்ல உள்ள பயலுவளுக்கு ஒண்ணும் தெரியாது பாத்துக்கிடுங்க. அது மேல ஏறி உக்காந்து சீட்டு ஆடுவானுவ. பெட்டில எழுதினதை நான் ஒண்ணு விடாம வாசிச்சேன். ஆள் பழகாத எடத்துல வைக்கணும், கூட வேற சரக்கு வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. அதான் டயர் குடோனைக் காலி பண்ணி அதை மட்டும் வச்சுப் பூட்டினேன். சாவியை அங்கன விட்டுட்டு வந்தா எவனாவது தெறந்து பாப்பான்."

அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை முழுசாக வாசித்த ஒரே ஆள் அவர்தான். என் கல்லூரியில் என் அறைக்கு ஒரு நல்ல பூட்டு கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. கோபம் இருந்தது, போட ஆள்தான் இல்லாமல் போயிற்று.

"உங்களுக்குச் சொல்லச் சொல்லி கிளார்க்குட்ட சொன்னேனே, சொல்லலையா?"

"இல்லை."

"வெளங்கும்" என்றார் காளி.

சாவி அவர் இடுப்பில், உடுப்புக்கு உள்ளே இருந்தது. மரக் கைகளைக் கட்டிய கயிற்றால் அவருடைய சொந்தக் கைகள் இடுப்புவரை போகவில்லை. வேஷத்தை அவிழ்க்கவும் கூடாது. அவருடைய மனைவியைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாவிக் கொத்தையும் சேத்தா கட்டிட்டு வந்திய? நல்லாருக்கு. அந்த டீச்சரம்மா இவ்வளவு தூரம் அலைஞ்சு வந்திருக்காவ" என்று சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே சேலை மடிப்புக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். காளி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "டீச்சர், அதை நான்தான் தூக்கி வச்சேன். எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஈயப் பாத்திரத்துக்குள் இருப்பதையும், சில நிமிஷம் தூக்கி வைத்ததில் பயப்பட ஒன்றும் இல்லை என்பதையும் நிதானமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் தடுக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடோனைத் திறந்தோம். கிளார்க் வாசலோடு நின்றுகொண்டார். கையோடு கொண்டுபோயிருந்த கதிர் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன், பெட்டியில் கசிவு இல்லை. ஆட்டோவின் பின்பக்கம் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். நான் கேட்ட அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மீதி இருந்தது. இது போதும், சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அறையைத் திறந்தேன்.

ஃபிரிட்ஜ் கதவில் பெரிய சந்தனப் பொட்டு, மேலே குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் கதம்பம். உள்ளே விளக்கு எரியவில்லை.

வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன் டீச்சர். ஆயுத பூசைல்லா. எல்லா மிஷினுக்கும் இன்னைக்கு லீவு" என்றார்.

"எப்ப ஆஃப் பண்ணினீங்க?"

"காலைல ஒம்போது மணி பூசைக்கு."

நான் போட்ட சத்தத்தில் முயல்கள் கூண்டுக்குள் பாய்ந்தன. மூன்று மாதம் முயல்களிடமிருந்து எடுத்து, வெட்டி, சுத்தம் செய்து வைத்த புரதம் முழுக்க அந்த ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. வாட்ச்மேன் முகம் சுருங்கிப்போய் நின்றார். "ஒங்க பெட்டிக்குத்தான் டீச்சர் மொதப் பொட்டு வச்சேன்" என்றார். போய் மெயினைப் போடச் சொன்னேன்.

மறுநாள் விஜயதசமி. ஊரெல்லாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் புரதக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கலங்கியிருந்தன. சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்ததில் அடியில் வெள்ளையாக வண்டல் நின்றது. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தேன். ஆறு எலிக்குத் திட்டமிட்டது மூன்று எலிக்குக் காணும். இதற்குள் இன்னொன்றும் செத்து எலிகளும் நாலுதான் மிச்சம் இருந்தன, ஆக அந்தக் கணக்காவது பெரிதாக இடிக்கவில்லை.

ஈயக் கட்டிகளுக்குப் பின்னால் கையுறையோடு உட்கார்ந்தேன். மணிகளைக் குழாயில் போட்டு, துண்டுகளை ஊற்றிப் பிடிக்கவிட்டேன். அயோடின் சேர்த்து ஒரு நிமிஷம். முன்னே ஐந்து நிமிஷம் விட்டிருந்தேன், அதுவும் ஒரு தப்பு. பிறகு கழுவினேன். கழுவிய நீரை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று பொரிந்தது. திரும்பக் கழுவினேன். எட்டாவது தடவை சத்தம் அடங்கியது. மணிகளைக் கொண்டுபோனால் இன்னும் பொரிந்தது. அப்படியென்றால் துண்டுகளின் மேல் அயோடின் ஒட்டி நிற்கிறது. அமிலம் விட்டு விடுவித்து, உடனே காரம் சேர்த்துச் சமன் செய்து, மூன்று எலிகளுக்கு ஊசி போட்டேன். நாலு நாளாக அவை அயோடின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எலிகளை மயக்கி, பிளாஸ்டிக் விரித்த மேஜையில் ஒவ்வொன்றாகக் கிடத்தினோம். இயந்திரத்தின் முகத்திலும் சந்தனம். துடைக்கலாமா என்று கேட்டேன். "கையை வைக்காதீய டீச்சர். அது பாட்டுக்கு இருக்கட்டும், கதிர் சந்தனத்துக்கெல்லாம் நிக்காது" என்றார் ஆபரேட்டர். அது சரிதான்.

இயந்திரம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய், ஒரு நூல் அளவு நகர்ந்து, திரும்பி வந்து, டக் டக் என்று குத்திக்கொண்டு போனது. தலைப் பக்கம் ஒன்றும் இல்லை. கழுத்தில் மங்கலாக ஏழெட்டுப் புள்ளி. நான் காகிதத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். சத்தம் நெருங்கியது, அது மூத்திரப்பை, எதிர்பார்த்ததுதான். பிறகு அடங்கியது. பிறகு ஓர் ஓரமாக மட்டும் திரும்ப நெருங்கியது. போகும்போதும் குத்தியது, வரும்போதும் அதே இடத்தில் குத்தியது.

"டீச்சர், வலது தொடையில என்னமோ இருக்கே" என்றார்.

"ஆமா" என்றேன். "இருக்கு."

இரண்டாவது எலியில் அரைகுறையாகத் தெரிந்தது. மூன்றாவதில் ஒன்றுமே தெரியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் முதல் எலியின் தொடையை யாரும் மறுக்க முடியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துப் பகல் முழுக்கத் தூங்கினேன்.

கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு பக்கப் பதில் வந்தது. பிடித்திருக்கும் நிலையில் அயோடின் ஏற்றும் முறை புதிதல்ல, பல வருஷங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். எலிகளின் எண்ணிக்கை போதாது. படம் எடுத்த இயந்திரம் காலாவதியானது. மூன்றுமே உண்மை. எங்கள் நூலகத்தில் அந்தப் பழைய இதழ்கள் இல்லை என்பதும் உண்மை, அதை எழுத அந்தக் கடிதத்தில் இடமில்லை. என் கணவர் வாசித்துவிட்டு, "வேற எவனோ செஞ்சதை நீ தனியாவே யோசிச்சிருக்கியே, அது கெட்டிக்காரத்தனம்தானே" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்னும் எரிந்தது.

சரி, இன்னும் பத்து எலிகள் செய்து அனுப்புவோம் என்று கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆபரேட்டர் அந்தத் தொடைப் படத்தில் ஒரு பிரதி எடுத்து, பெருமையாக ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாராம். வள்ளியூரிலிருந்து வந்த ஒரு நோயாளி அது யார் படம் என்று கேட்டிருக்கிறார். இவர் மறைக்காமல், "எலிக்கு எடுத்தது" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மேஜையை விட்டு இறங்கி, எலி படுத்த மேஜையில் தன்னைப் படுக்க வைத்ததாகச் சத்தம் போட்டு, வெளியே காத்திருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இனிமே எலி வேண்டாம்மா" என்றார் டாக்டர். "தப்பா நெனைக்காதீங்க."

வெளியே ஆபரேட்டர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "நல்ல படம்னுதான் ஒட்டினேன் டீச்சர்" என்றார். அவரைத் திட்டுவதற்கு நான் வாயைத் திறந்தேன். கழுத்தைத் தவிர வேறு ஓர் இடத்தை அவர் நல்ல படம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு, "அடுத்த தடவை பூனைன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அதன் பிறகு படம் இல்லை. எலியின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாக எடுத்துக் குழாயில் போட்டு எண்ணும் முறைக்கு மாறினேன். டாக்டர் அயோடினை மட்டும் தொடர்ந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் அப்படி எண்ணியதில் ஒரு சின்னக் கட்டுரை வெளிவந்தது. அதில் தொடை என்பது ஓர் அட்டவணையில் ஒரு வரி. பார்சல் மட்டும் அப்புறம் ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை. வந்த அன்றே மேனேஜர் கல்லூரிக்குத் தானே போன் செய்வார். "டீச்சர், பெட்டி வந்திருக்கு, பைய வாங்க, நான் இங்கனதான் இருக்கேன்" என்பார். பைய வருவதற்கு இல்லை, அது குறைந்துகொண்டே இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு ஓடுவேன்.